அசையாதவை திருப்தியாக உள்ளன

கடல் விலங்குகளின் காதுகளுக்காக இவ்வளவு கவலைப்பட்ட அலுவலகம் உலகம் தோன்றிய நாள்முதல் வேறு இருந்ததில்லை. நான்காம் மாடியில் எட்டுக் கம்ப்யூட்டர்கள், அவற்றுக்குள் இருநூறு திமிங்கிலங்கள். சமர்த்துகள், தீனியும் கேட்காது, லீவும் கேட்காது. புதுத் துறைமுகத்துக்காகக் கடலடியில் இரும்புத் தூண் அடித்தால் வளைகுடாவில் குட்டி போட்டிருக்கும் நிஜத் திமிங்கிலங்கள் என்ன செய்யும் என்று இவற்றை ஓடவிட்டுச் சொல்ல வேண்டியவள், அலுவலகமே ‘திமிங்கில அக்கா’ என்று அழைத்த புரோகிராமர்.

விதியை இயக்குநரே அருளியிருந்தார்: விலங்கு விலகி ஓடினால் ‘பாதிப்பு’. நகராமல் இருந்தால் ‘திருப்தி’.

அக்கா முதலில் சின்னச் சம்மட்டியால் அடித்துப் பார்த்தாள். திரையில் இருநூறும் விழுந்தடித்து ஓடின. இயக்குநரின் முகம் சுண்டிப்போயிற்று. பெரிய சம்மட்டியைப் போடச் சொன்னார். போட்டாள். ஒன்றுகூட அசையவில்லை.

"பாத்தியாம்மா, பழகிடுச்சு!"

"பழகல சார், காது போயிடுச்சு. எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாம நிக்குது. குட்டி கத்தினாலும் தாய்க்குக் கேக்காது."

"நகந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

மறுநாள் கூட்டம். ‘திமிங்கில நலன் கருதி’ பெரிய சம்மட்டியே பரிந்துரைக்கப்பட்டது. கான்ட்ராக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "சின்னதா அடிச்சு அதுங்கள அலைக்கழிக்க எங்களுக்கே மனசு வரல சார்."

அக்கா எழுந்தாள். "சார், திங்கக்கிழமை அடிக்க ஆரம்பிச்சா அந்தக் குட்டிங்க..."

"ஏம்மா, உன் வேலை நீட்டிப்பு ஃபைல் என் மேஜைலதான் இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்று அன்பொழுக விசாரித்தார் இயக்குநர். பிறகு சபையைப் பார்த்து, "ஆட்சேபணை இருக்கறவங்க தாராளமா வெளிய போகலாம்" என்றார். கதவு திறந்தேதான் இருந்தது.

அக்கா கதவைப் பார்த்தாள். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் இருந்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

அறிக்கையைத் தட்டி, கையெழுத்தும் போட்டு நீட்டினாள். இயக்குநர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "‘பாதிப்பு: இல்லை.’ பேஷ்! ‘திருப்தியாக இருப்பவை: இருநூற்றொன்று.’ என்னம்மா இது, நம்மகிட்ட இருக்கறது இருநூறுதானே?"

"ஆமா சார். நானும் நகரலையே."