கடிதத்தின் இரண்டாம் பக்கம்

"கோராவின் கல்லூரி: கிரேமோர்" என்று எழுதிய பலகையை வீட்டுப் புல்வெளியில் அடித்து இறக்கிவிட்டு, சுத்தியலோடு நாலடி பின்னால் போய் நின்று அழகு பார்த்து, எதிர்வீட்டுக் கார்லைக் கூப்பிட்டு அவனையும் பார்க்க வைத்த பிறகுதான், டெல்பர்ட் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தான்.

முதல் பக்கத்தில் "வாழ்த்துகள்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இப்படி இருந்தது: "இது கல்லூரியில் சேர மட்டுமே அனுமதி. இசை நாடகத் துறையில் தங்கள் மகளுக்கு இடம் உண்டா இல்லையா என்பதைத் துறை தனியாகத் தெரிவிக்கும்."

கிரேமோரில் கணக்கும் வரலாறும் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு கடிதம் போதும். பாடி ஆடி நடிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு வேண்டும். டெல்பர்ட் கையில் இருந்தது ஒன்று.

"நோரீன்," என்று வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். "கொஞ்சம் வெளிய வா."

அவன் மனைவி போனோடு வந்தாள். சூப் கொதிப்பதைக்கூடப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறவள் அவள். கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"பலகையப் பிடுங்கு," என்றாள்.

"கார்ல் பாத்துட்டான்."

"அவன்கிட்ட யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா ரெண்டு மடங்கு பேருகிட்ட சொல்லுவான்."

கோராவைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏழு வயதில் அவள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடியபோது, எங்கள் தேவாலயத்தைக் குளிர்காலத்தில் சூடாக்கும் கொதிகலன், இரண்டு நாளாக அணைந்து கிடந்தது, தானாகப் பற்றிக்கொண்டது. டெல்பர்ட் கொதிகலன் பழுது பார்க்கிற தொழில்காரன். அவனே இறங்கிப் பார்த்துவிட்டு, "காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று பாதிரியாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து அவள் மேடைக்கென்றே பிறந்தவள் என்பதில் ஓஹையோவின் இந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. பதினெட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். பிப்ரவரியில் சிகாகோ ஹோட்டல் ஒன்றில் எல்லாக் கல்லூரிக்காரர்களும் கூடி, பாட்டும் ஆட்டமும் நடிப்பும் பார்த்து ஆளெடுத்தார்கள். பன்னிரண்டு மாடி. எந்த நடைக்கூடத்தில் திரும்பினாலும் ஒரு பிள்ளை சுவரைப் பார்த்து உதட்டைப் படபடவென்று அடித்துக் குரலைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. டெல்பர்ட் ஒரு கையில் அவளுடைய ஆட்டக் காலணியும் மறு கையில் தொண்டைக்கு ஆவி பிடிக்கும் மிஷினுமாக மூன்று நாள் பின்னாலேயே நடந்தான். நான்காம் நாள் அவன் போட்ட தும்மல்கூட ராகத்தோடு இருந்ததாக நோரீன் சொன்னாள்.

ஊர் திரும்பியதும், நல்ல செய்தி வரும்போது அவகாசம் இருக்காது என்று, பதினெட்டுக் கல்லூரிக்கும் பதினெட்டுப் பலகை எழுதிக் கொட்டகையில் அடுக்கி வைத்தான். பதினாறு இடத்திலிருந்து "வருந்துகிறோம்" வந்தது. அந்தப் பதினாறு பலகையும் கோழிக்கூண்டுக்குக் கூரையாயின. எங்கள் வட்டாரத்தில் அவ்வளவு படித்த கோழிகள் வேறு கிடையாது. தோர்ன்பி கல்லூரிக்காரர்கள் காத்திருப்புப் பட்டியலில் வைத்து, புதிதாக ஏதாவது இருந்தால் ஒரு நிமிட வீடியோ அனுப்பலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பலகை மட்டும் சுவரில் சாய்ந்து கிடந்தது. மிச்சம் கிரேமோர்.

பள்ளிப் பேருந்து வந்து நின்றது. கோரா இறங்கினாள். பலகையைப் பார்த்து இரண்டு நொடி அப்படியே நின்றாள்.

"அப்பா, துறையிலயும் சொல்லிட்டாங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் டெல்பர்ட் வாயைத் திறந்தான். ஆனால் பதினாறு தடவை அந்த முகம் வாடியதைப் பார்த்தவன் அவன். சுத்தியல் வேறு கையில் இருந்தது.

"வந்துடுச்சும்மா," என்றான்.

கோரா குதித்தாள். சாதாரணக் குதி இல்லை. அவள் வீசிய புத்தகப் பை கார்ல் வீட்டுக் கூரைமேல் விழுந்தது. அடுத்த நாள் ஏணி வைத்துத்தான் எடுத்தார்கள். அழுதாள், சிரித்தாள், பலகைக்கு முத்தம் கொடுத்தாள், அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். இவ்வளவுக்கும் ஒரு கை மட்டும் கோட்டுப் பையை விட்டு வெளியே வரவில்லை. மார்ச் மாதக் குளிர் அப்படி. நோரீன் என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போல் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

இரவுச் சாப்பாடு முடிந்து கோரா மாடிக்குப் போனதும், "ஏன்யா பொய் சொன்ன?" என்றாள் நோரீன்.

"பொய் இல்ல. கொஞ்சம் முன்னாடியே சொன்ன உண்மை. ரெண்டாவது கடுதாசி வந்துட்டா சரியாப் போயிடும்."

வியாழக்கிழமை இரண்டாவது கடிதம் வந்தது. "வருந்துகிறோம்" என்ற சொல்லை டெல்பர்ட் இப்போது உறையைப் பிரிக்காமலே கண்டுபிடிப்பான். அதை மடித்து வேனில் கொதிகலன் வடிகட்டி அட்டைப் பெட்டிக்குள் செருகினான்.

"இன்னைக்கே சொல்லிடு," என்றாள் நோரீன்.

"எப்படிடி சொல்றது? அவ முகம் கண்ணாடி. உள்ள என்ன இருக்கோ அப்படியே வெளிய தெரியும். அதைப் பாத்துக்கிட்டு நிக்க என்னால ஆகாது."

அதற்குள் கார்ல் தன் வேலையைச் செய்திருந்தான். அவன் எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவன். ஊரில் தீப்பிடித்து நாலு வருஷமாகிறது. ஆகவே அவனிடம் நேரம் நிறைய இருந்தது.

"மே ஒண்ணாம் தேதி பிள்ளைங்கல்லாம் சேரப்போற காலேஜ் சட்டையப் போட்டுக்கிட்டு வருவாங்கல்ல," என்றான். "அன்னைக்குக் கோராவைத் தீயணைப்பு வண்டி மேல உக்கார வச்சு ஊர்வலம் விடறோம்."

"அவ கூச்சப்படுவா, கார்ல். வேண்டாம்."

"கூச்சமா? நாப்பது பேரு முன்னாடி பாடற பொண்ணுக்கா? நீதான்யா அடக்கம். மகளுக்கு இவ்வளவு பெரிய காலேஜ் கிடைச்சும் தலையில கனம் ஏறல பாரு உனக்கு."

டெல்பர்ட்டின் அடக்கம் மறுநாள் ஊரெல்லாம் பரவியது. ஆணி, குழாய் விற்கும் கடைக்காரர், "சுத்தியல் தள்ளுபடி" என்ற எழுத்துகளைத் தன் விளம்பரப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு "கிரேமோரின் நட்சத்திரம் கோரா எங்கள் ஊர்ப் பெண்" என்று வைத்தார். பாதிரியார் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் விருந்து என்று அறிவித்தார். வில்மாவின் பேக்கரியில் மூன்றடுக்குக் கேக் சொல்லியாயிற்று. தெருவில் யாரைப் பார்த்தாலும் டெல்பர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இரண்டு வாரத்தில் அவன் வலது கை இடது கையைவிட அரை அங்குலம் நீண்டுவிட்டது.

இனி ஒரே வழிதான் என்று ஒரு புதன்கிழமை வேனை எடுத்துக்கொண்டு நாலு மணி நேரம் ஓட்டி கிரேமோருக்கே போனான்.

துறைத் தலைவி கழுத்துச் சால்வையும் கம்பளித் தொப்பியுமாக அரங்கில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாளாகக் கட்டடத்துக்குச் சூடு இல்லை. டெல்பர்ட் பேச வந்ததைப் பேசவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"உங்க கொதிகலன் மூச்சு வாங்குதும்மா," என்றான். கீழே இறங்கி நாற்பது நிமிடத்தில் சரி செய்தான். மேலே வந்தபோது தலைவி சால்வையைக் கழற்றியிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க."

"எம்பொண்ணுக்கு உங்க துறையில ஒரு இடம்."

அவர் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கோராவை நல்லா ஞாபகம் இருக்கு. குரல் அப்படியொரு குரல். ஆட்டமும் பரவாயில்ல. நடிப்புலதான் தோத்துட்டா. மனசுக்குள்ள துக்கம், வெளிய சந்தோஷம், அதை நடிச்சுக் காட்டுன்னோம். அந்தப் பொண்ணுக்கு முகத்துல எதையும் மறைக்கத் தெரியல. எங்களால நம்ப முடியல. என்னை மன்னிச்சிடுங்க."

டெல்பர்ட் கருவிப் பெட்டியை மூடினான். அவனும் அதையேதானே மனைவியிடம் சொல்லியிருந்தான்.

வெறுங்கையோடு அனுப்ப அந்த அம்மாளுக்கு மனம் வரவில்லை. அரக்கு நிறத்தில் நாற்பது கிரேமோர் சட்டைகளை வேனில் ஏற்றிவிட்டார். இடம் கேட்கப் போனவன் சட்டையோடு திரும்பினான். ஒளித்து வைக்கும் முன் கார்ல் வேன் கதவைத் திறந்துவிட்டான்.

"ஊருக்கே வாங்கிட்டு வந்திருக்கான்யா," என்று தெருவில் நின்று கத்தினான்.

மறுநாள் ஊரே அரக்கு நிறத்துக்கு மாறியது. கார்லின் நாய்க்குக்கூட ஒரு சட்டை கிடைத்தது. டெல்பர்ட்டுக்கு அளவு சரியாக இருந்ததுதான் அவனுக்கு அதிக வேதனை.

கோரா மட்டும் நாளுக்கு நாள் பூரித்தாள். கிரேமோர் போனால் எந்த ஜன்னலோரம் கட்டில் போடுவது என்று சாப்பாட்டு மேசையில் படம் வரைந்தாள். சனிக்கிழமைதோறும் கேக் விஷயம் பேச வில்மாவிடம் போய் வந்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க டெல்பர்ட் இளைத்தான். பெல்ட்டில் இரண்டு புதுத் துளை போட்டான்.

மே ஒன்றாம் தேதி வந்தது. தீயணைப்பு வண்டி ஊரின் நான்கு தெருவையும் மூன்று சுற்றுச் சுற்றியது. மேலே கோரா அரக்குச் சட்டையில் கையசைத்துக்கொண்டு வந்தாள். பிறகு எல்லோரும் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் கூடினார்கள். உருளைக்கிழங்கு சாலட், பொரித்த கோழி, நடுவில் மூடிய பெட்டியில் கேக்.

"அப்பா ரெண்டு வார்த்தை பேசணும்," என்றான் கார்ல்.

டெல்பர்ட் எழுந்தான். வடிகட்டிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த கடிதத்தை மேசைமேல் வைத்தான்.

"கிரேமோர்ல கோராவுக்கு இடம் கிடைக்கல," என்றான். "அஞ்சு வாரமா உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அவகிட்டயும் அதே பொய்தான். அவளுக்கு இந்த நிமிஷம்தான் தெரியும். தப்பு முழுக்க என்னுது."

கடிதத்தைப் பிரித்து எல்லோரும் பார்க்க மேசைமேல் நீவி வைத்தான்.

"அவளுக்கு நடிக்க வரலன்னு சொன்னாங்க. இருக்கலாம். நான் கொதிகலன்காரன், எனக்கு நடிப்பு தெரியாது. ஆனா சிகாகோவுல மூணு நாள்ல பதினெட்டு கதவு முன்னாடி இவ நின்னதைப் பாத்தேன். ஒவ்வொரு கதவுலயும் புதுசா நின்னா. அந்தப் பெருமை எனக்குப் பலகை வைக்கிறதுக்கு முன்னாடியே இருந்துச்சு. பலகையைப் பிடுங்குனாலும் போகாது. என்னை மன்னிச்சிடு கண்ணு."

கோரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்தது. நாற்காலி முதுகைப் பிடித்தாள், கை நழுவியது, மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் கண்ணீர் வழிந்தது. பாதிரியார் மூக்கைச் சிந்தினார். கார்ல் தீயணைப்புத் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டான். நோரீனுக்கு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, படம் எடுக்கத் தோன்றவில்லை.

வில்மா மட்டும் கேக் கத்தியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நடந்து போய்ப் பெட்டி மூடியைத் தூக்கினாள். மூன்றடுக்கும் பச்சை நிறம். மேலே வெள்ளை எழுத்து: தோர்ன்பி.

"தப்பான பேரு எழுதிட்டியே, வில்மா," என்றான் கார்ல் மூக்கை உறிஞ்சியபடி.

"சரியாத்தான் எழுதியிருக்கேன்," என்றாள் வில்மா. "அழுதது ரொம்ப நல்லாருந்துச்சு கோரா, போதும் எந்திரி. டெல்பர்ட், நீ பலகை நட்ட அன்னைக்கு மத்தியானமே கிரேமோர்காரங்க இவ போனுக்கு 'இல்ல'ன்னு அனுப்பிட்டாங்க. அந்தப் போனைக் கோட்டுப் பையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான், உன் மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு அந்தக் குதி குதிச்சா. நோரீன் எடுத்த அந்த வீடியோவையும், அப்பப் பையில இருந்த அந்த 'இல்ல'யையும் இவ தோர்ன்பிக்கு அனுப்பி வச்சா; ரெண்டையும் சேத்துப் பாத்துட்டுத்தான் அவங்க போன வாரம் இடம் குடுத்தாங்க."