கொள்ளுத்தாத்தாவின் கறைகள்

"வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கு, புர்கி. ஒரு கையை எடுத்தா கழண்டு விழுந்துடும்."

"விழுந்தா விழட்டும். கறை மட்டும் பட்டுச்சு, அப்பா நம்ம ரெண்டு பேரையும் உயிரோட விடமாட்டாரு."

காலையில் காபி குடிக்கும்வரை ஹெனிங்குக்கு ஸ்ட்ராவ்பிங் பீர் திருவிழாவின் நினைப்பே இல்லை. புர்கிக்குத்தான் திடீரென்று ஆசை வந்தது. காபி ஆறுவதற்குள் நியூரம்பெர்க்கிலிருந்து வண்டியைக் கிளப்பி, ஸ்ட்ராவ்பிங்கில் இருக்கும் அவளுடைய அப்பா வீட்டுக்கு வந்து இறங்கியாயிற்று. அவள் அப்பாவும் அம்மாவும் இத்தாலியில், ஏரிக்கரையில் இருந்தார்கள். ஜீன்ஸோடு பீர் கூடாரத்துக்குள் நுழைந்தால் ஊரே சிரிக்கும் என்று, அப்பா திருவிழாவுக்குப் போடுகிற தோல் டவுசரை அலமாரியிலிருந்து எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டாள்.

அது லேசுப்பட்ட டவுசர் இல்லை. புர்கியின் கொள்ளுத்தாத்தா போட்டது. அவர் காலத்திலிருந்து தண்ணீரையே பார்க்காதது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் அப்பா கோர்பினியன் அதை மடியில் விரித்துக்கொண்டு, "இது எங்க தாத்தா சுட்ட மானோட ரத்தம். இது எங்க அப்பா கல்யாணத்துக் குழம்பு" என்று கறை கறையாகக் கதை சொல்வார். கடைசியில் ஹெனிங்கைப் பார்த்து, "ஹாம்பர்க்காரனுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது? வடக்கத்தியான்!" என்று முடிப்பார். அவர் மனசார சம்மதிக்காமல் கல்யாணத் தேதி குறிப்பதில்லை என்று புர்கி பிடிவாதமாக இருந்தாள். இரண்டு வருஷமாக ஹெனிங் காத்துக்கொண்டிருந்தான்.

கூடாரத்தில் பாட்டு ஆரம்பித்ததும் எல்லோரும் பெஞ்சு மேல் ஏறி ஆடினார்கள். பக்கத்து ஆள் தடுமாறினார். அவர் தட்டிலிருந்த கடுகுச் சாந்து மொத்தமும் ஹெனிங்கின் தொடையில் இறங்கியது.

"தொடைக்காதய்யா! அப்படியே காயட்டும்" என்றார் அவர், தட்டைப் பற்றி மட்டும் வருத்தப்பட்டுக்கொண்டு.

ஹெனிங் துடைத்தான். கடுகு தொடை முழுக்கப் பரவியது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தான். கடுகு போய், அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்தது. புர்கி குளித்துவிட்டு வருவதற்குள் மற்ற இடத்தையும் அதே நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று வாஷிங் மெஷினில் போட்டான்.

டவுசர் படு சுத்தமாக வெளியே வந்தது. ஐந்து வயசுப் பையனுக்குக் கச்சிதமாக இருக்கும். மானும் போயிற்று, கல்யாணக் குழம்பும் போயிற்று.

"தோலை எவனாவது துவைப்பானா?" புர்கி அலறினாள். "பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட தெரியுமே!"

"எங்க ஊர்ல அழுக்குன்னா துவைப்போம்."

"உங்க ஊர்லயே பொண்ணு தேடிக்க!"

மறுநாள் காலையில் அவள் அம்மா அஃப்ராவின் போன் வந்தது. "இங்க ஒரே மழைடி. சாயங்காலம் வந்துடுவோம். உங்கப்பா திருவிழாவோட கடைசி நாளை விடமாட்டேங்கிறாரு. டவுசரைக் காத்தாட மாட்டி வைக்கச் சொல்றாரு."

ஞாயிற்றுக்கிழமை. ஊரில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. திருவிழா மைதானத்தின் ஓரத்தில் பழைய சாமான் விற்கிற ஒருத்திதான் கைகொடுத்தாள். யாரோ எப்போதோ போட்ட டவுசர். கொழுப்பு வாடை குப்பென்று அடித்தது. ஹெனிங் பேரம் பேசாமல் வாங்கி வந்து மாட்டி வைத்தான். சின்ன டவுசரை மெஷினுக்குப் பின்னால் திணித்தான்.

கோர்பினியன் வந்ததும் வராததுமாக அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். இடுப்பு தொளதொளவென்று இருந்தது.

"பாத்தியா அஃப்ரா, ஏரியைச் சுத்தி நடந்ததுல எப்படி இளைச்சிட்டேன்!"

"நேத்து... ஹெனிங் போட்டிருந்தான்ப்பா" என்றாள் புர்கி, பொய்யில் பாதியையாவது குறைக்கலாம் என்று.

பெரியவர் முகம் சிவந்தது. குனிந்து டவுசரைத் தடவித் தடவிப் பார்த்தார். ஹெனிங் கண்ணை மூடிக்கொண்டான்.

"மான் இருக்கு. குழம்பு இருக்கு." பாக்கெட்டுக்குள் கையை விட்டார். கிழிந்த தையலுக்குள் விரல் எதிலோ தட்டியது. துருப்பிடித்த மூக்குப்பொடி டப்பா ஒன்று வெளியே வந்தது. "எங்க தாத்தாவோட டப்பா! இத்தனை வருஷமா என் கைக்கு அகப்படலையே! நீ போட்டதும் இறங்கி வந்திருக்கு பாரு. வடக்கத்தியானா இருந்தாலும் ராசிக்காரன்தான்."

நிமிர்ந்து ஹெனிங்கைக் கட்டிக்கொண்டார். "கல்யாணத்தன்னிக்கு இதை நீதான் போட்டுக்கணும், மாப்பிள்ளை!"

இரண்டு வருஷமாக ஹெனிங் காத்திருந்த வார்த்தை அது. புர்கி அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாவும் மகளும் டப்பாவைத் துடைக்கத் துணி தேடிப் போனார்கள்.

அழுக்குத் துணியைப் போட மெஷின் பக்கம் போயிருந்த அஃப்ரா திரும்பி வந்தாள். கையிலிருந்த சின்ன டவுசரை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து மூடினாள். பிறகு ஹெனிங்கின் காதருகே குனிந்தாள்.

"உங்களுக்குக் கறையோடயே கிடைச்சிருக்கு மாப்பிள்ளை, அதிர்ஷ்டம்தான். நான் துவைச்சுக் கெடுத்துட்டு வேற வாங்கினதுல கறையே இல்ல, காபியும் கொழுப்பும் பூசித்தான் மானைக் கொண்டுவந்தேன். அந்தப் பக்குவம் என் மாமியார் சொல்லிக்கொடுத்தது."