பிரசிடெண்டின் இடது கன்னம்

கோயமுத்தூருக்குக் கிழக்கே ஓர் ஊர். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். சொல்லாவிட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். அங்கே பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு நஞ்சுண்டன் அவர்களின் திருவுருவப் படத்தை ஆபீசில் மாட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. எழுதுகிறவர் 'கடல் கடந்த தேசத்தில் வசிக்கும் கீர்த்தி வாய்ந்த ஓவியராக' இருக்க வேண்டும் என்பது விதி. கதர் கட்டிக்கொண்டு சீமைச் சாமானுக்கு ஏங்கிய காலம் அது.

சென்னகிருஷ்ணன் கோயமுத்தூரில் நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிக்கொண்டிருந்தார். காடும் அரண்மனையும் எழுதி எழுதிச் சலித்து, ஒரு மனித முகத்தை எழுத மாட்டோமா என்று தவித்தவர். சேதி காதில் விழுந்ததும் பஸ் ஏறிவிட்டார்.

அன்றைக்குப் பிரசிடெண்டுக்குக் கடுமையான பல்வலி. இடது கன்னம் பன் ரொட்டியாட்டம் வீங்கியிருந்தது. தாடையைச் சுற்றித் துணி கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். பேசியதெல்லாம் கிளார்க்கு பாலுசாமிதான்.

"ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?"

"கோயமுத்தூருங்க."

"அதுதானுங்க சிக்கலு. கடல் கடந்திருக்கோணுமுங்களே."

"மொகம் இங்க இருக்குதுங்க. கடலுக்கு அந்தாண்ட போயி எதைப் பாத்துங்க எழுதறது?"

"மொகம் உள்ளூரா இருக்கலாமுங்க. கைதான் வெளிநாடா இருக்கோணும்."

பிரசிடெண்டு "ம்ம்ம்" என்றார். சம்மதமா, வலியா தெரியவில்லை. சம்மதம் என்று பாலுசாமி எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் கடலைக் கடந்துவிடுவதென்று சென்னகிருஷ்ணன் மனைவி வெங்கடலட்சுமியிடம் சொல்லிக்கொண்டு தனுஷ்கோடிக்கு ரயிலேறி, கப்பலில் தலைமன்னார் இறங்கி, கொழும்பு போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு ராஜ மரியாதை. கொழும்புக்காரர்களுக்குக் கோயமுத்தூர்தானே வெளிநாடு! தேயிலைத் தோட்டத் துரைகளும் கடைத்தெரு முதலாளிகளும் வரிசையில் வந்து உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தார்கள். ஓய்ந்த நேரத்தில் ஊர் நினைப்பில், சந்தையில் எருமை விலை பேசுகிறவர்கள், பவானி ஜமக்காளத்தில் வாய் பிளந்து தூங்கும் மாமனார் என்று எழுதினார். அவையும் விலைபோயின. உள்ளூர் ஓவியர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

சில வருஷத்தில் அவர் கீர்த்தி கடல் தாண்டி போர்டுக்கு எட்டியது. படம் எழுத உத்தரவு வந்தது. "ஒருதரம் நேரில் வந்து முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டார். வந்தால் வெளிநாட்டில் வசிப்பவர் ஆகமாட்டாராம், கூடாது. "போட்டோவாவது?" போட்டோ பிடிப்பவர் உள்ளூர்க்காரர், அதுவும் கூடாது.

ஆகவே, ஒரே ஒருமுறை பார்த்ததை வைத்து எழுத உட்கார்ந்தார். வீக்கத்தை விட்டுவிடலாமென்று பார்த்தார். ஆனால் வீக்கத்துக்கு அடியில் எந்த மாதிரிக் கன்னம் என்பது அவருக்குத் தெரியாதே! பார்க்காததை எழுதுவது கலைக்குத் துரோகம் அல்லவா? வீங்கிய கன்னம், தாடைக்கட்டு, உச்சிமுடிச்சு எல்லாவற்றையும் தத்ரூபமாக எழுதி அனுப்பினார்.

படத்தைப் பிரித்ததும் போர்டு திகைத்தது. வலித்த பல் போய் வருஷக்கணக்காகியிருந்த பிரசிடெண்டுக்குத் தன்னையே அடையாளம் தெரியவில்லை.

"வெளிநாட்டு ஓவியருக்குத் தப்பு வருமுங்களா?" என்றார் பாலுசாமி. "அங்கெல்லாம் பெரிய மனுசங்க இப்படித்தான் இருப்பாங்களாட்ட இருக்குதுங்க."

படம் சரி, முகம்தான் திருந்த வேண்டும் என்று முடிவாயிற்று. மறுநாள் பிரசிடெண்டு இடது கன்னத்தில் கொட்டைப்பாக்கை அடக்கி, பட்டுத் துணியால் தாடையைக் கட்டி ஆபீசுக்கு வந்தார். மெம்பர்களும் அப்படியே வந்தார்கள். தையல்காரர் அக்பர் அலி சரிகைக் கரையோடு தாடைக்கட்டுத் தைத்து மாளவில்லை. வெள்ளகோவில் வரை மோஸ்தர் பரவியது. நிஜமாகவே பல்வலி கண்டவர்கள் வைத்தியரிடம் போனால், "நல்லாத்தானுங்க இருக்குது" என்று திருப்பி அனுப்பினார்.

பிரசிடெண்டின் மனைவி மயிலாத்தாள் மட்டும், "பேசினா ஒண்ணும் வெளங்கறதில்லீங்க. சோறு வேணுமா, தண்ணி வேணுமான்னு நானா நெனச்சுப் போடறேன்" என்று குறைபட்டுக்கொண்டார். ஆபீசில் அந்தக் குறை இல்லை. அங்கே முன்னும் யாருக்கும் விளங்கியதில்லை.

கொழும்பில் இதைக் கேள்விப்பட்ட சென்னகிருஷ்ணனுக்குத் தூக்கம் போயிற்று. தான் எழுதிய முகத்தால் ஒரு சீமையே கெட்டுப்போகிறதே என்று கப்பலேறி வந்து, போர்டின் முன் கைகூப்பி நின்றார்.

"அது பல்வலிங்க. படத்தை எறக்கிப்போடுங்க. காசு வேண்டாமுங்க, வேற எழுதித் தாரேன்."

பிரசிடெண்டு ஏதோ சொன்னார். பாக்கு இருந்ததால் புரியவில்லை. பாலுசாமி தன் பாக்கை வலப்பக்கம் ஒதுக்கிவிட்டு விளக்கினார்: "அந்த ஓவியர் கொழும்புல இருக்காருங்க. நீங்க கோயமுத்தூர்க்காரரு. வெளிநாட்டுப் படத்தைப் பத்தி உங்களுக்கென்னங்க தெரியும்?"

கைகொட்டிச் சிரித்து வெளியே அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து வெங்கடலட்சுமியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றதுதான் நெசமுங்க. ஊரே பைத்தியமுங்க," என்று ஒப்புக்கொண்டாள். பிறகு உள்ளே போய் ஓர் அச்சுவெல்லத்தைக் கொண்டுவந்தாள். "நாளைக்கு நம்ம புள்ளையப் பொண்ணு பாக்க வாராங்க. வெறுங்கன்னத்தோட சபையில உக்காந்து மானத்த வாங்கிப்போடாதீங்க."

சென்னகிருஷ்ணன் வெல்லத்தை இடது பக்கம் ஒதுக்கிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் எடுப்பாகத்தான் இருந்தது.