ஓடையில் ஈயம், வரிசையில் முயல்

ஒரு காட்டில், மேட்டுப் பக்கமாக ஒரு நரி பட்டறை வைத்திருந்தது. டவுனிலிருந்து பழைய பேட்டரிகளை வாங்கி வந்து, உடைத்து, உருக்கி, ஈயக் கட்டிகளாக்கி விற்கும். சாம்பலைக் கழுவிய தண்ணீர் பக்கத்து ஓடையில் போய்விடும். ஓடை கீழே இறங்கி முயல்கள் குடியிருந்த புல்வெளிக்குள் வரும்.

அங்கே பூவாத்தாள் என்று ஒரு முயல் இருந்தது. அதற்கு மூன்று குட்டிகள். மழைக்காலம் முடிந்ததிலிருந்து நடுக்குட்டிக்கு ஓயாத வயிற்றுவலி. கடைக்குட்டி காரணமில்லாமல் எல்லோரையும் கடித்தது. மூத்தது நன்றாகத்தான் தின்றது. ஆனால் கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பும். முயலுக்கு அது நல்ல பழக்கமில்லை.

பூவாத்தாள் மூன்றையும் கூட்டிக்கொண்டு வஞ்சிக்கொடியிடம் போயிற்று. வஞ்சிக்கொடி ஒரு கீரி. வெளிக்காட்டில் ஐந்து வருடம் நச்சியல் படித்துத் திரும்பியிருந்தது. கீரி நஞ்சைப் பற்றிப் படித்தது என்றால் பாம்புக்கடிக்குத்தான் என்று காடே நினைத்துக்கொண்டிருந்ததால், அதன் ஆஸ்பத்திரியில் ஈயாடியது.

குட்டிகளின் ஈறைப் பார்த்து, ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு வஞ்சிக்கொடி சொன்னது: "அக்கா, இது ஈயம். உடம்புக்கு ஈயத்தை அடையாளம் தெரியாது. சுண்ணாம்புச் சத்துன்னு நெனச்சு எலும்புக்குள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிரும். சின்ன உடம்புன்னா மூளைக்கும் ஏறிரும்."

"மருந்து எதாச்சும் இருக்குதுங்களா, டாக்டரம்மா?"

"முதல் மருந்து, அந்தத் தண்ணியைக் குடிக்காம இருக்கறது."

"வேற தண்ணி மலை உச்சியிலதானுங்க இருக்குது. அவ்வளவு தூரம் குட்டிக ஏறாதுங்களே."

ஆகவே இருவரும், எதில் எவ்வளவு நஞ்சு இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் நச்சுத்தர அலுவலகத்துக்குப் போனார்கள். டோக்கன் வாங்கி, நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் நின்று, மூன்றாம் நாள் உள்ளே போனார்கள். அலுவலர் சடையன் என்ற கரடி. கெட்டவர் அல்ல. குட்டிகளின் சோதனை முடிவை முழுதாகப் படித்தார்.

"வரம்புக்குள்ளதானேம்மா இருக்கு," என்றார். "ஒரு விலங்கு ஒரு நாளைக்கு நெல்லிக்காய் அளவு ஈயம் வரைக்கும் சாப்பிடலாம். உங்க குட்டிங்க கடுகளவுகூடச் சாப்பிடலியே."

"நெல்லிக்காய் கணக்கு யாரைப் பார்த்துப் போட்டது சார்?" என்றது வஞ்சிக்கொடி.

"சராசரி விலங்கைப் பார்த்து. எடை நாலாயிரம் கிலோ."

வஞ்சிக்கொடி வரம்புக் கோப்பை வாங்கிப் புரட்டியது. வரம்பு வகுப்பதற்காக முன்பு ஒரு முகாம் போட்டு எல்லா விலங்குகளையும் எடை பார்த்திருந்தார்கள். லாரி எடை போடும் மேடையில். ஒரு டன்னுக்குக் குறைந்த எதையும் அது பூஜ்ஜியம் என்றே காட்டும். அணில் பூஜ்ஜியம், மான் பூஜ்ஜியம், புலி பூஜ்ஜியம், முயல் பூஜ்ஜியம். யானை மட்டும் நாலாயிரம். பூஜ்ஜியங்களைத் தவறான பதிவு என்று அடித்துவிட்டு மீதிக்குச் சராசரி எடுத்திருந்தார்கள்.

"சார், இந்தக் குட்டி முக்கால் கிலோ. யானைக்குப் போட்ட அளவை இதுக்குக் குடுத்தா என்ன ஆகும்?"

"பதிவேட்டுல முயலோட எடை பூஜ்ஜியம், மேடம். எடையே இல்லாத உடம்புல ஈயம் எப்படி இருக்கும்னு மேலிடத்துல கேப்பாங்க. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

மனுவை வாங்கி, ஒப்புகைச் சீட்டு கொடுத்து அனுப்பினார்.

மனு நிலுவையில் இருந்த ஒன்பதாம் நாள், புல்வெளியில் ஒரு பருந்தின் நிழல் விழுந்தது. பூவாத்தாள் கத்தியது. இரண்டு குட்டிகள் புதருக்குள் பாய்ந்தன. மூத்தது வழக்கம்போல் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் பூவாத்தாள் அலுவலகத்தில் போய் நின்றது. சடையன் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார். பிறகு கோப்பில் எழுதினார்: 'இறப்புக்குக் காரணம்: பருந்து.'

"ஈயமுங்க," என்றது பூவாத்தாள்.

"பருந்துக்குச் சாட்சி இருக்கும்மா. ஈயத்தை யார் பார்த்தாங்க? நானும் இருபது வருஷமா அந்தத் தண்ணியிலதான் டீ குடிக்கறேன். எனக்கென்ன ஆச்சு?"

கூட வந்திருந்த வஞ்சிக்கொடி, "கையை நீட்டுங்க சார்," என்று ஊசியை எடுத்தது.

முடிவு வந்ததும் படித்துக் காட்டியது. "விரல் நடுங்குதா?"

"குளிர்னு நெனச்சேன்."

"கையெழுத்து மாறுதா?"

கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்த கோப்புகள் மேசைமேல் கிடந்தன. சடையன் அவற்றை மெல்ல இழுப்பறைக்குள் தள்ளினார்.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. 'ஓடை நீர் முற்றிலும் பாதுகாப்பானது. எனினும் அலுவலர் நலன் கருதி, இனி அலுவலகத்துக்கு மலையுச்சி ஊற்று நீர் கொண்டுவரப்படும்.' செலவை நரி ஏற்றுக்கொண்டது. பானையில் 'நரி அன்பளிப்பு' என்று பெரிதாக எழுதியும் கொடுத்தது. மனுதாரருக்கும் குடிநீர் தர வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்ததால், டோக்கன் வைத்திருப்பவர்களும் குடிக்கலாம் என்றார்கள்.

பூவாத்தாள் அந்தச் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தது. விடிந்ததும் இரண்டு குட்டிகளோடு வந்து மூன்று டோக்கன் வாங்கியது. குடித்தது. மனு கொடுத்தது. மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றது.

ஒரு வாரத்தில் புல்வெளி முழுக்க வரிசைக்கு வந்துவிட்டது. எதற்கு மனு கொடுப்பது என்று தெரியாத முயல்கள், நிலாவில் இருக்கும் முயலுக்கு இருப்பிடச் சான்று கேட்டன. சடையன் அதையும் வாங்கி எண் போட்டார். வஞ்சிக்கொடி மருந்துச் சீட்டில் 'தினம் இரு மனு, காலை ஒன்று, மாலை ஒன்று' என்று எழுதிக் கொடுத்தது. நடுக்குட்டியின் வயிற்றுவலி நின்றது. கடைக்குட்டி இப்போது முன்னால் நுழைகிறவர்களை மட்டும் கடித்தது.

அந்த ஆண்டு, பொதுமக்கள் மிக அதிகமாக நம்பி நாடும் அலுவலகம் என்று சடையனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். நரி இரண்டாவது உலையைக் கட்டியது. திறப்பு விழாவுக்கு எல்லோரையும் அழைத்தது. வரிசையில் இடம் போய்விடும் என்று முயல்கள் யாரும் போகவில்லை.

நீதி: அலுவலகத்தில் நியாயம் கிடைக்காது, ஆனால் நல்ல தண்ணீர் கிடைக்கும், ஆகவே உயிர்மேல் ஆசையுள்ளவர்கள் மனுவுக்குத் தீர்வு கிடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.