ரப்பர் ஷீட்டுக்கு ஒரு கதவு

சொய்ய்ங்... டப்!

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சத்தம் கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தது. கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, கான்வென்டில் கற்ற ஜெபத்தின் சாமியையும் மாரியம்மனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். யார் முதலில் வந்தாலும் சரி.

எங்கள் கொல்லைக்கு அப்போது கதவு கிடையாது. பழைய கதவைக் கரையான் தின்றுவிட்டது. அந்த இடத்தில் ஒரு தகரத்தைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். காற்றடித்தால் பேசும், பூனை உரசினால் பாடும். அரியலூரில் மரம் அறுக்கும் மில் வைத்திருப்பவர் வீட்டில்தான் இந்தக் கோலம். கேட்டால் என் வீட்டுக்காரர் வேணுகோபால், "மெஷின் வச்சிருக்கறவன் வூட்டுக் கதவைக் கைவாளால அறுத்தா ஊர் சிரிக்காதா? மெஷின் சரியாகட்டும். முதல் பலகை உனக்குத்தான்" என்பார். மெஷினோ மாசக்கணக்கில் படுத்துக் கிடந்தது.

சொய்ய்ங்... டப்! கூடவே, "ஐயோ!" என்று ஒரு குரல். தெரிந்த குரல்.

அரிக்கேன் விளக்கைத் தூக்கிப்பிடித்து எட்டிப் பார்த்தேன். அவரேதான். பெரிய இரும்புச் சக்கரம் ஒன்றை இரண்டு காலாலும் உதைத்துப் பிடித்துக்கொண்டு, அதன் விளிம்பில் சைக்கிள் ட்யூபை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். முக்கால் சுற்று மாட்டியதும் அது நழுவி வந்து கன்னத்தில் அறைந்தது.

பயம் போன இடத்தில் ஆவல் வந்து உட்கார்ந்தது.

"என்னங்க இது?"

"மெஷினோட சக்கரம். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டையும் சுத்தி வாள் ரிப்பன் மாதிரி ஓடும். சக்கரத்து மேல ரப்பர்ப் பட்டை இல்லேன்னா வாள் வழுக்கும், பல்லும் போயிடும்."

"கடையில வாங்கறதுதானே?"

"மலேயாவை ஜப்பான்காரன் புடிச்சப்புறம் ரப்பர் எங்க கிடைக்குது? நானே செய்யறேன் பாரு. வெள்ளைக்காரன் மூளை என்ன, என் மூளை என்ன!"

டப்! மூளைக்குக் கிட்டத்தில்தான் பட்டது.

சைக்கிளின் முன் ட்யூப் ஒருவழியாகக் கீழ்ச் சக்கரத்தில் உட்கார்ந்தது. பின் ட்யூபில் ட்யூபைவிடப் பஞ்சர் ஒட்டுதான் அதிகம். அதை மேல் சக்கரத்தில் மாட்டி ஓட்டியதும், ஒவ்வொரு ஒட்டிலும் வாள் துள்ளியதாம். கடைசியில் சக்கரத்தை விட்டே கழன்று கூரையைப் பார்க்கப் போய்விட்டதாம். மில்லுக்குப் போய் வந்த பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகு அவர் பார்வை குழந்தையின் அடியில் விழுந்தது. பிரசவத்துக்காக என் அம்மா திருச்சியில் வாங்கிய சிவப்பு ரப்பர் ஷீட். வழவழவென்று, ஒரு ஒட்டுக்கூட இல்லாதது.

"சாந்தா, இந்த ஷீட்டு..."

"குழந்தைக்கு வேணும்."

"குழந்தை என்ன, மரமா அறுக்குது?"

"அது பண்றதுக்குத்தான் ஷீட்டு. மெத்தையை நீங்க துவைக்கிறீங்களா?"

அவர் ஷீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"கொல்லைக்குக் கதவு வரட்டும், தரேன்."

"மெஷின் ஓடினாத்தானேடி கதவு?"

"கதவு வந்தாத்தான் மெஷின்."

தலையைச் சொறிந்துகொண்டு போனவர், மறுநாள் சாயங்காலம் ஒரு கதவோடு வந்தார்! தேக்கு. தாமரைப் பூ வேலைப்பாடு. மெஷின் படுக்குமுன் கடைசியாக அறுத்த பலகையாம். எனக்கென்றே ஒளித்துவைத்துத் தச்சரிடம் கொடுத்தாராம். சீட்டியடித்துக்கொண்டே அவரே மாட்டினார்.

எனக்கு எதையும் தடவிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. கீலுக்கு மூன்று துவாரம், ஒன்றில்தான் திருகாணி. கதவுக்கு அடியில் நாலு விரற்கடை இடைவெளி. பெருச்சாளி குடும்பத்தோடு வரலாம்.

"ஏங்க, ஒத்தைத் திருகாணிதானா?"

"போர்க் காலம்மா! திருகாணிக்கும் தட்டுப்பாடு."

ஷீட்டைக் கொடுத்தேன். அவர் அதைப் பட்டையாக நறுக்கி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தடவி, இழுத்து ஒட்டினார். காய்ந்ததும் சக்கரத்தைச் சுற்றவிட்டு ஓரங்களில் உப்புத்தாள் பிடித்தார். நடு கொஞ்சம் மேடாக இருந்தால்தான் வாள் ஓரத்துக்கு ஓடாமல் நிற்குமாம். அழகாகத்தான் இருந்தது. குழந்தை என் மடிக்கு வந்தது. என் புடவை ரப்பர் ஷீட்டாயிற்று. மில்லில் மெஷின் பாடுவது எங்கள் தெரு வரைக்கும் கேட்டது.

அன்று பொழுது சாய்ந்ததும் கொல்லையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் பூமாலை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்:

"அம்மா, உடையார்பாளையத்துக் கல்யாண வூட்டுக்குச் செஞ்ச கதவை இங்க மாட்டி வச்சிருக்குன்னு ஐயா சொன்னாரு. கழட்டி ஏத்திக்கவா? ஐயா பின்னாலயே வராரு."

ஒத்தைத் திருகாணியின் தத்துவம் அப்போதுதான் விளங்கியது. ஷீட் கைக்கு வரும்வரை எனக்கு இரவல் கதவு!

"ஐயா வரட்டும்" என்று கதவைச் சாத்தினேன். வாசல் கதவை இருட்டுமுன்பே தாழிடுவது என் வழக்கம்; அந்த வழியாக யாரும் வர முடியாது. இங்கேதான் சங்கடம். கதவு தொங்கியதில் தாழ் துவாரத்துக்குக் கீழே இடித்தது. தாழ் விழுந்துவிட்டால் போதும்; கீல் உள்பக்கம், வெளியிலிருந்து எவரும் கழற்ற முடியாது. இனி அந்தத் தகரத்தோடு என்னால் ஒரு ராத்திரி குடித்தனம் பண்ண முடியாது.

அதற்குள் அவர் குரல், தேனில் ஊறி வந்தது. "சாந்தா... கண்ணு... கதவைத் திற."

"தாழ் போட்டாச்சுங்க." பொய். குழந்தையை இடுப்பில் இடுக்கி, முதுகால் கதவை முட்டுக்கொடுத்து நின்றேன்.

"கல்யாண வூட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"புதுசா அறுத்துக் குடுங்க. ரப்பர்தான் போட்டாச்சே!"

வெளியே பூமாலை இருமுவதுபோலச் சிரித்தார். "அம்மா சொல்றது நாயந்தானுங்களே."

அவரிடமிருந்து நெடிய பெருமூச்சு. "சரி, வண்டியை மில்லுக்குத் திருப்பு."

காலடிகள் நகர்ந்தன. நான் திரும்பித் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினேன். டக். டக். டக். காலடிகள் நின்றன.

"ஏய், தேக்கைப் போட்டு அப்படி இடிக்காதே! கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் தள்ளணும்!"

சொன்னபடியே தூக்கினேன். இத்தனை நேரமும் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது என்பது உறைத்து அவர் ஓடி வருவதற்குள், தாழ் விழுந்துவிட்டது.