வீட்டுக்காரரின் வேட்டி

தமிழாசிரியர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. திருத்தமாக உச்சரித்துவிட்டால் எதிரில் இருப்பது எதுவானாலும் அதற்குப் புரிந்துவிடும் என்று நம்புவது. எனக்கும் அது இருந்தது. அதைக் குணப்படுத்தியது ஒரு நாய் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இண்டூரிலிருந்து அரூருக்கு மாற்றலாகி, மனைவி கோமதியோடும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் யாழினியோடும் வாடகை வீட்டுக்கு வந்த வருடம் அது. வந்த சூட்டோடு எனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். "டெய்லி நடக்கணும் சார்" என்றார் டாக்டர். நான் நடப்பதைப் பற்றி யோசித்தபடியே படுத்திருந்தேன். யாழினிக்கோ புதுப் பள்ளியில் ஒரு சிநேகிதிகூடக் கிடைக்கவில்லை. வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியர், ஓசூர் தாண்டிக் கர்நாடகப் பக்கம் தனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அடுக்குமாடிக்குக் குடிபோவதாகவும், அவர்களுடைய நாய்க்கு அங்கே இடமில்லை என்றும் சொன்னார். 'பார்க்கலாம்' என்றேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, அடுத்த வாரமே ஒரு செவலை நாயை லாரியில் வரவழைத்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டார். பெயர் குண்டா. (நாயின் பெயர்தான். என் உருவத்தைப் பற்றிய குறிப்பு அல்ல.) எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. 'மாறன்' என்று மாற்றினேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெயர் மட்டுமா? 'வா' என்றால் நின்றது. 'அமர்' என்றால் பப்பாளி மரத்தைப் பார்த்தது. காது கேட்காதோ என்று கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். நாய் விருட்டென்று திரும்பியது. "காது கிண்ணுனு இருக்குதுங்க. நீங்க பேசறதுதான் அதுக்குப் புடிக்கல போல" என்றார்.

ஆனாலும் அந்த நாய் வந்தபின் வீடே மாறியது. காலை ஐந்தரைக்கு என் போர்வையை இழுக்கும். போனால் ஏரிக்கரைவரை என்னை இழுத்துக்கொண்டு போய்த் திரும்ப இழுத்துக்கொண்டு வரும். மூன்றாம் மாதம் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் என்னைப் பாராட்டினார். நானும் கூசாமல் ஏற்றுக்கொண்டேன். யாழினி பள்ளியில் நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்ல ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக எங்களிடமும் சொன்னாள். அவள் சிரிப்புச் சத்தம் கேட்ட அன்று கோமதி சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் மாதப்பனுக்கு விஷயம் தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி இருப்பவர். ஓய்வுபெற்றவர். கஞ்சி போட்ட வேட்டி, கஞ்சி போட்ட முகம்.

"வாத்தியாரே, நாயெல்லாம் ஆவாதுங்க. ஞாயித்துக்கெழம வர்றேன். நாய் இருந்துதுன்னா வூட்டக் காலி பண்ணிக்குங்க."

"சார், அது சொன்ன பேச்சு கேட்கும் சார். வந்து நீங்களே பாருங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

யாழினி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வருடத்தின் நடுவில் வேறு வீடு கிடைக்காது. நாயை அனுப்பிவிட்டு அவள் முகத்தில் விழிக்கவும் முடியாது. ஆகவே வாரம் முழுக்கப் பயிற்சி கொடுத்தேன். 'அமர்', 'எழு', 'வருக'. தீர்ந்தது பிஸ்கட்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வந்தார். ஐப்பசி மாதம், வானம் கருத்துக் கிடந்தது. வாசலிலேயே நின்றுகொண்டார்.

"எங்க, காட்டுங்க."

"மாறா, அமர்!" என்றேன். பப்பாளி மரத்தைப் பார்த்தது. "குண்டா, உட்காரு!" என்று கொள்கையைத் தளர்த்திப் பார்த்தேன். அதற்கும் பப்பாளி மரம்தான்.

"இதுதான் சொன்ன பேச்சு கேக்கறதாங்க?" என்றார் மாதப்பன்.

அந்த நேரம் பார்த்து வானம் அதிர்ந்தது. பெரியவர் நனைந்துவிடப் போகிறாரே என்ற மரியாதையில், அவரை நோக்கிக் கையை நீட்டி, "சார், இடி! இடி! உள்ளே வாங்க!" என்று கத்தினேன்.

மூன்று மாதத்தில் முதன்முறையாக நாய் என் பேச்சைக் கேட்டது. ஒரே பாய்ச்சல். மாதப்பனின் வேட்டி நுனி அதன் வாயில்.

"விடு! விடு!" என்று அலறினேன். அந்தப் பதற்றத்திலும் வகரம் சுத்தமாக வந்தது. நாய் இன்னும் இறுக்கிப் பிடித்தது. மாதப்பன் வெளிறிப்போய், "பிடு! பிடு!" என்று கத்தினார். என் காதில் அது 'பிடி, பிடி' என்று விழுந்தது. பெரியவர் பிடிக்கச் சொல்கிறாரே, சும்மா நிற்கலாமா? பாய்ந்துபோய்ப் பிடித்தேன். வேட்டியின் மறுமுனையை.

"அய்யோ, பிடு!"

"பிடிச்சிட்டேன் சார்!"

"பிடுய்யா!"

"உயிரே போனாலும் விடமாட்டேன் சார்!"

நாய் விட்டுவிட்டது. நான் விடவில்லை. முழு வேட்டியும் என் கைக்கு வந்துவிட்டது. கோமதி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாழினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீட்டுக்காரர் பட்டாப்பட்டி டிரவுசரோடு நிற்க, மழை பிடித்துக்கொண்டது.

முடிந்தது என்று நினைத்தேன். மனதுக்குள் பாத்திரங்களை மூட்டை கட்டவே தொடங்கிவிட்டேன். ஆனால் மாதப்பன் என்னைப் பார்க்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு நின்ற நாயையே பார்த்தார். மெல்ல, "கூத்கோ" என்றார்.

நாய் உட்கார்ந்தது.

"குண்டா, பா இல்லி."

எழுந்து அவரிடம் போனது. காலடியில் தலையை வைத்தது.

"கன்னட நாய்ங்க இது" என்றார் மாதப்பன். "பிடுன்னா விடுன்னு அர்த்தம். ஹிடின்னா பிடின்னு அர்த்தம். எங்க ஊருப் பக்கம் அத இடின்னுதான் சொல்லுவாங்க. நீங்க இடி இடின்னு என்னியக் கை காட்டுனா அது பாவம், என்ன பண்ணும்? நாய்க்குப் புரிஞ்சுது வாத்தியாரே. உங்களுக்குத்தான் கடசிவரைக்கும் புரியல."

கர்நாடகத்திலிருந்து வந்த நாய் என்று தெரிந்தும், அதற்கு ஒரு மொழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று மாதமாக அதுவும் இந்த ஆள் என்னதான் சொல்கிறான் என்று தவித்திருக்கும்.

வேட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டு (என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான்) உள்ளே வந்து உட்கார்ந்தார். கோமதி காபி கொடுத்தாள். எல்லையோரக் கிராமத்தில் பிறந்தவராம். வீட்டில் அம்மாவோடு கன்னடம்தான் பேசுவாராம். அம்மா போனபின் அந்த மொழியில் பேச வீட்டில் ஆளே இல்லையாம். மனைவி, பிள்ளைகள் எல்லாம் தமிழ்தான். "பயத்துல அதுதான் வாயில வந்துது பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். அந்த முகத்துக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கிளம்பும்போது நான்தான் தாங்கமாட்டாமல் கேட்டேன். "சார், அந்த நாய் விஷயம்..."

"நாய் இருக்கட்டும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு கணம் யோசித்தார். "நீங்களும் இருந்துக்குங்க."

யாழினி அன்று நாலு தோசை சாப்பிட்டாள்.

இப்போதெல்லாம் சாயங்காலம் தவறாமல் வருகிறார். வந்ததும், "ஊட்டா ஆயித்தா?" என்று விசாரிக்கிறார். நாயைத்தான். நான் சாப்பிட்டேனா என்று இதுவரை கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "நாய் வெச்சிருக்கறவங்களுக்கு வூடு வுடமாட்டேன்னீங்களே?" என்று அவரை மடக்கினார். "நான் நாய்க்குத்தான் வுட்டிருக்கேன். இவங்க மூணு பேரும் அது கூட இருக்காங்க" என்றாராம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாய்க்கு 'வீட்டுக்காரர்' என்றே பெயராகிவிட்டது. கோமதி போனிலும் அப்படியே பேசிப் பழகிவிட்டாள். அதனால் வந்த வினைதான், போன மாதம் இண்டூரிலிருந்து என் அக்கா என்னைக் கூப்பிட்டது. எடுத்ததுமே அழுகை.

"தம்பி, நேத்து கோமதி பேசுனா. 'எங்க வூட்டுக்காரருக்கு ஊசி போட்டுக் கூட்டியாந்தேங்க. வர்ற வழியில எல்லாக் கரண்ட் கம்பத்துலயும் நின்னு நின்னு வந்தாரு. இப்பத்தான் தட்ட நக்கிட்டு வாசப்படியில சுருண்டு படுத்திருக்காரு'ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்றா. உனக்கு என்னாச்சுப்பா? அக்காகிட்ட மறைக்காம சொல்லு!"