சத்தியமும் நகச்சுத்தியும்

"இன்னாத்துக்குயா ஸ்பூனு?" என்றாள் கார்குழலி.

"ஷெட்டுல எல்லாரும் ஸ்பூனுலதான் துன்றாங்கோ," என்றான் டேங்கர் லாரி டிரைவர் பக்தவச்சலம். அவன் வலது கை மடியில், துண்டுக்குள் இருந்தது.

துண்டுக்குள் ஆள்காட்டி விரல். அதன் தலையில் தொப்பி மாதிரி ஓர் எலுமிச்சம்பழம். பழத்துக்குள்ளே நகச்சுத்தி விண் விண்ணென்று தெறித்தது.

கல்யாணமான முதல் வாரமே, தன் தலையில் அவன் கையை வைத்து, "இனிமே நகம் கடிக்க மாட்டேன்" என்று சத்தியம் வாங்கியவள் கார்குழலி. மூன்று மாதம் காப்பாற்றினான். போன வாரம் மணலியில் டேங்கர் வரிசை நாலு மணி நேரம் நகரவில்லை. நகமும் போயிற்று, சத்தியமும் போயிற்று.

மறுநாள் காலையில் பழம் வாடிவிட்டது. ஃபிரிட்ஜைத் திறந்தான். வாங்கி வைத்த மூன்றில் மிச்சம் ஒன்றுகூட இல்லை. கேட்டால் மாட்டிக்கொள்வோம்.

கார்குழலி நைட்டி பாக்கெட்டுக்குள் ஒரு கையை விட்டுக்கொண்டு, மறு கையால் தோசை சுட்டாள்.

"இன்னா, ஒத்தக் கையில சுடுற?"

"குளிருதுய்யா."

சித்திரை வெயில் சுவரைப் பிளந்துகொண்டிருந்தது. தன்னை எதுவும் கேட்காமல் விட்டாளே என்று அவன் நழுவினான்.

பழத்துக்குப் பதில் ஊக்கை எடுத்துக் குத்தினான். மாலைக்குள் விரல் பணியாரமாக உப்பி, ஸ்டியரிங்கைப் பிடிக்க விடவில்லை. திருவொற்றியூர் டாக்டர் லுப்னாவிடம் ஓடினான்.

அவர் நக ஓரத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். "சீழ் கட்டியிருக்கு. கடிச்ச எடத்துல கிருமி பூந்துடுச்சு. பழம் போதாதுன்னு ஊக்கு வேறயா?"

மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறிச் சீழை எடுத்தார். "மூணு வேளை வெதுவெதுப்பான தண்ணியில முக்கி வைங்க. வலி போயிடுச்சுன்னு மாத்திரைய நடுவுல நிறுத்தாதீங்க."

கட்டுப்போட வந்த கம்பவுண்டர் அத்தாவுல்லாவிடம் அவன் குழைந்தான். "பாய், கட்டு சின்னதா போடு. அவ தலையில கை வெச்சி சத்தியம் பண்ணிக்கீறேன். தெரிஞ்சா மூஞ்சி குடுத்துப் பேச மாட்டா."

சீட்டிலிருந்த முகவரியைப் படித்த அத்தாவுல்லா, விரலை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

"காலைல உன் சம்சாரமும் எலுமிச்சம்பழத்தோடதான் வந்துச்சு நைனா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிகினு போச்சு!"